அண்ணி வீட்டு இரும்புச் சட்டி

எங்கள் தாமான் குடியிருப்புக்கு ஒரு வாட்சப் குழு இருக்கிறது. தண்ணீர் வரவில்லை, குப்பை லாரி வரவில்லை, யாருடைய பூனையோ காணவில்லை என்பதுதான் அதில் வழக்கமான சமாச்சாரம். போன வாரம் மூன்றாவது வீட்டு மருமகள் ஒரு படம் போட்டாள். புதிதாக வாங்கிய வார்ப்பு இரும்புச் சட்டி, உள்ளே முழுக்கச் செங்காவி நிறத்தில் துரு. வாங்கி நாலே நாள்தான் ஆச்சு ஆன்ட்டி என்று எழுதி, கீழே அழுகிற முகம் ஒன்று. அரை மணி நேரத்தில் முப்பது பதில் வந்துவிட்டது. கல்லுப்பும் உருளைக்கிழங்கும் போட்டுத் தேய் என்றார் ஒருவர். சோறு வடித்த கஞ்சியை ஊற்றி மூன்று நாள் வை என்றார் இன்னொருவர். எண்ணெய் தடவிப் புகை வரும்வரை காய்ச்சு, ஆறவிடு, மறுபடி காய்ச்சு என்று ஒரு அம்மா குரல்பதிவே அனுப்பினார். இந்தத் தொல்லையெல்லாம் எதற்கு, எனாமல் பூசினதை வாங்கியிருக்கலாம் என்று ஒருவர் ஆரம்பிக்க, சீனர் கடையில் விற்கும் இரும்புத் தகட்டுக் குவாலிச் சட்டி பாதி எடைதான், அதுவும் நன்றாகப் பழகும் என்று மற்றொருவர் மறித்தார். கடைசியில் ஒரு ஆண்பிள்ளை வந்து, பேசாமல் நான்ஸ்டிக் வாங்கித் தொலைக்கச் சொன்னார். அதோடு சண்டை மூண்டுவிட்டது.

நானும் ஒரு பதில் தட்டினேன். எதை வேண்டுமானாலும் செய்யம்மா, மெஷினில் மட்டும் கொடுத்துத் தேய்க்காதே என்று. அனுப்பவில்லை, அழித்துவிட்டேன். அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்கு வாட்சப் போதாது. உங்களுக்குச் சொல்கிறேன், உங்களுக்குப் பொறுமை உண்டு.

இருபத்தைந்து வருடம் இருக்கும். சுங்கைப் பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் நான் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தேன். நின்ற மெஷினை ஓடவைப்பது என் வேலை. ஓடுகிற மெஷினை நிறுத்துவதும் நீங்கதான் என்று என் மனைவி வசந்தி சொல்வாள். அவளும் வேறொரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தாள். அவளிடமிருந்து எந்தக் குறையும் தப்பாது. அப்படிப்பட்டவளிடம் பொய் சொல்லலாம் என்று நான் நினைத்தேனே, அதைத்தான் இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன்பு, தன் முதல் போனஸில் வசந்தி ஐந்து நான்ஸ்டிக் சட்டிகள் கொண்ட அடுக்கு ஒன்றை வாங்கிவைத்திருந்தாள். எங்கள் வாடகை வீட்டுச் சமையலறைச் சுவரில், பெரியதிலிருந்து சின்னது வரை வரிசையாக அவை தொங்கும். மரக்கரண்டி தவிர வேறு எதுவும் அவற்றில் படக்கூடாது. ஒருமுறை நான் கத்தியால் ஆம்லெட்டைப் பாதியாக வெட்டப் போய், அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் மண்ணெண்ணெய் அடுப்புப் புகையில் வளர்ந்தவள், சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய முதல் பொருள் அது. அந்தப் பெருமை எனக்குப் புரிந்துதான் இருந்தது.

முதல் பிள்ளை வயிற்றில் நான்காம் மாதத்தில் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்துவிட்டு வந்தாள். அந்த வார்டில் எதிர்க் கட்டில், பக்கத்துக் கட்டில் எல்லாவற்றிலும் பிள்ளையோடு இருந்தார்கள். அதைப் பற்றி வசந்தி என்னிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னாள்.

பத்து நாள் கழித்து அண்ணி பார்க்க வந்தார். என் அண்ணனும் அண்ணியும் குருணுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து வீட்டில்தான் இருந்தார்கள். அண்ணி வாய் ஓயாமல் பேசுகிறவர் கிடையாது. ஆனால் பேசினால் அம்மி கொத்துகிற மாதிரி இருக்கும். கொண்டுவந்த பத்தியக் குழம்பைச் சுடவைக்கச் சமையலறைக்குப் போனார். சுவரில் தொங்கிய சட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, ஆனால் பக்கத்து அறையில் படுத்திருந்தவளுக்குக் கேட்கும்படி, "சட்டியிலயே ஒண்ணும் ஒட்டாதாம். அப்புறம் வயித்துல எங்கேருந்து ஒட்டும்" என்றார்.

நான் அங்கேதான் நின்றேன். அண்ணி குழம்பைச் சுடவைத்தார், சோறு போட்டு வைத்தார், பஸ் பிடித்துப் போய்விட்டார். அவர் போனதும் வசந்தி எழுந்து வந்து அந்தக் குழம்பைப் பின்பக்கக் கால்வாயில் கொட்டினாள். அழவில்லை. அந்த வீட்டுப் படி இனி மிதிக்க மாட்டேன், அந்த வீட்டுச் சாமான் ஒன்றுகூட இங்கே வரக்கூடாது என்று மட்டும் சொன்னாள். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஒன்றரை வருடம் கழித்து மறுபடி உண்டானாள். நான்காம் மாதம் தாண்டும்வரை நாங்கள் இரண்டு பேரும் பிள்ளை என்ற வார்த்தையையே வீட்டில் சொல்லவில்லை. தாண்டியது. ஐந்தாம் மாதம் கிளினிக்கில் விரலில் குத்தி ரத்தம் பார்த்த நர்ஸ், நாங்கள் மிஸ்ஸி என்போம், முகத்தைச் சுளித்தார். மலாய்க்கார அம்மா, எங்கள் வட்டாரத்துத் தமிழ்ப் பெண்களுக்கெல்லாம் பிரசவம் பார்த்தவர், பாதித் தமிழ் பேசுவார். ரத்த அளவு எட்டரைதான் இருக்கிறது, கொடுத்த இரும்பு மாத்திரையை விழுங்குகிறாயா இல்லையா என்று கேட்டார். விழுங்குகிறாள், பாதி நாள் வாந்தியாக வந்துவிடுகிறது என்றேன் நான். எதோடு விழுங்குகிறாய் என்றார். தேத்தண்ணியோடு என்றாள் வசந்தி. மிஸ்ஸி நெற்றியில் தட்டிக்கொண்டார். தேத்தண்ணி பக்கமே போகாதே, எலுமிச்சைத் தண்ணீரில் விழுங்கு, கீரை சாப்பிடு, இரும்புச் சட்டி இருந்தால் புளிப்புக் குழம்பை அதில் வை, அதுவும் கொஞ்சம் உதவும், ஆனால் மாத்திரைதான் முக்கியம் என்றார். பரிசோதனைப் புத்தகத்தில், கூடுதலாகக் கவனிக்க வேண்டியவள் என்று வேறு நிற ஸ்டிக்கர் ஒட்டினார். மூன்று வாரம் கழித்துச் செவ்வாய்க்கிழமை மறுபடி பார்ப்போம், ஏறவில்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ரத்தம் ஏற்ற எழுதிவிடுவேன் என்றார்.

பெரிய ஆஸ்பத்திரி என்றதும் வசந்தி என் சட்டைக் கையைப் பிடித்தாள். வீட்டுக்கு வரும்வரை விடவில்லை, மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்துகூட. "அந்த வார்டுக்கு மட்டும் என்னைத் திரும்ப அனுப்பாதீங்க" என்றாள். அவள் என்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டது அந்த ஒருமுறைதான்.

மிஸ்ஸி சொன்ன பத்து விஷயத்தில் என் மண்டையில் இரும்புச் சட்டி ஒன்றுதான் ஏறியது. தொழில் புத்தி. மனுஷ உடம்பில் என்ன நடக்கிறது என்று தெரியாது, இரும்பு என்றால் தெரியும். டவுனில் பாத்திரக் கடைகளில் ஏறி இறங்கினேன். அன்றைக்கு அலுமினியம், சில்வர், நான்ஸ்டிக் இவைதான். வார்ப்பிரும்பு வேண்டுமென்றால் பினாங்கிலிருந்து வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றார்கள். சீனர் கடையில் தகட்டுக் குவாலி அடுக்கியிருந்தது. அதுவும் இரும்புதான், அதுவே போதும் என்று இன்று வாட்சப்பில் எல்லோருக்கும் தெரிகிறது. எனக்கு அப்போது உறைக்கவில்லை. என் மனதில் இருந்தது எங்கள் அம்மாவின் சட்டி. கைப்பிடிக்கு இரண்டு காது வைத்த, ஆழமான, தூக்கினால் மணிக்கட்டு வலிக்கிற வார்ப்புச் சட்டி. அதில் நெத்திலி வதங்கும் வாசனை வந்தால் லயத்தின் கடைசி வீட்டிலிருந்துகூட நான் ஓடி வருவேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை, சட்டி அண்ணி கையில் இருந்தது. அண்ணி வீட்டில் எல்லாச் சமையலும் அதில்தான்.

அந்த ஞாயிறு, ஓவர்டைம் என்று வசந்தியிடம் சொல்லிவிட்டுக் குருணுக்குப் போனேன். அண்ணியிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். ஆனால் அவரே தூக்கிக்கொண்டு நேரில் வந்துவிடுவாரோ என்று பயந்தேன். சட்டியின் ஒரு காதில் பழைய விரிசல் ஒன்று உண்டு. அதைக் காட்டி, ஃபேக்டரியில் பற்றவைத்துத் தருகிறேன் அண்ணி, மூன்று வாரத்தில் கொண்டுவருகிறேன் என்றேன். இத்தனை வருஷம் இல்லாத அக்கறை இப்போது என்ன என்பது போல என்னைப் பார்த்தார். அதுவரைக்கும் எதில் சமைப்பது என்றார். அதற்கும் நான் தயாராகத்தான் போயிருந்தேன். மோட்டார் சைக்கிள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், வசந்தியின் நான்ஸ்டிக் அடுக்கில் மூன்றாவது சட்டி. வசந்தி கொடுக்கச் சொன்னாள் என்று ஒரு பொய்யையும் சேர்த்தேன். எதற்கு அந்தப் பொய், யார் கேட்டார்கள்? வாயில் வந்துவிட்டது.

அண்ணி அந்தச் சட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். "அவளா குடுத்தா?" என்று ஒருமுறை கேட்டார். அப்புறம் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நல்லா இருக்கா என்றேன். உண்டாகியிருக்கிறாள் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது வீட்டுக்குப் பின்னாலிருந்த மரத்தில் ஒரு பெரிய கட்டு முருங்கைக்கீரை ஒடித்து வண்டியில் வைத்தார்.

இப்போது மெஷின் கதைக்கு வருகிறேன். அந்தச் சட்டி வசந்திக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அதில் சமைத்ததை எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். கறுகறுவென்று மினுங்கும் அதன் உள்பக்கத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், பட்டறையில் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரை எடுத்து, சட்டியை வைஸ் இடுக்கியில் இறுக்கித் தேய்த்தேன். உள்ளே, வெளியே, அடியில், காதில். நாற்பது வருட எண்ணெயும் புகையும் தூளாகப் பறந்தது. கருகிய எண்ணெய் வாசனை, அதன் அடியில் எங்கேயோ ஒரு பழைய வெங்காய வாசனை. கண்ணாடிக்குப் பின்னால் என் கண் எரிந்தது, தூசி என்றுதான் நினைத்தேன். முடித்துப் பார்த்தால் சட்டி வெள்ளி மாதிரி பளபளத்தது. கூட வேலை செய்த மலாய்க்கார நண்பர் கையில் வாங்கிப் பார்த்துப் புதுசு போலவே இருக்கிறது என்று மெச்சினார். அன்றைக்கு நான் செய்த வேலையில் எனக்கு அத்தனை பெருமை.

பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கினேன் என்று வசந்தியிடம் கொடுத்தேன். காதில் விரிசல் இருக்கிறதே என்றாள். அதனால்தான் விலை குறைத்தான் என்றேன். கீரையும் அங்கேயே வாங்கியதாகச் சொன்னேன்.

முதல் நாள் அந்த முருங்கைக்கீரையைப் புளி ஊற்றிக் கடைந்தாள். தார் மாதிரி கறுத்துப்போய் வந்தது. வாயில் வைத்தால் ஆணியைச் சப்புகிற ருசி. இரும்புச் சட்டி பழகிவிட்டால் அதன் மேல் எண்ணெய் ஒரு தோல் மாதிரி படிந்துவிடும், அதுதான் சாப்பாட்டையும் சட்டியையும் காப்பாற்றுகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்தத் தோலைத்தான் உரித்து எடுத்திருந்தேன். கழுவிக் கவிழ்த்த சட்டியில் மறுநாள் காலை செந்துரு பூத்திருந்தது. தேய்த்தாள், சமைத்தாள், மறுபடி துரு. புதுச் சட்டி அப்படித்தான் இருக்கும் என்று சமாளித்தேன். முட்டை ஒட்டியது, மீன் ஒட்டியது, கத்தரிக்காய் அடியில் பிடித்துக் கரியானது. வசந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சாப்பிட்டாள். "கசப்பு மருந்துன்னு நினைச்சுக்கறேன்" என்றாள். எனக்கு அந்தச் சோறு இறங்கவில்லை, சாப்பிட்டேன்.

இதற்கிடையே சுவரில் மூன்றாவது ஆணி காலியாக இருப்பதைக் கேட்டாள். நண்பர் ஒருவர் வீட்டு விருந்துக்கு வாங்கிப்போனார் என்றேன். யார் அந்த நண்பர் என்றாள். ஒரு பெயரைச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து, அந்த நண்பர் இன்னும் கொண்டுவரவில்லையா என்றாள், நான் வேறொரு பெயரைச் சொல்லிவிட்டேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள், எட்டு நாள் என்று நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் அவள் உதட்டைப் பார்ப்பேன், நகத்தைப் பார்ப்பேன், வெளுப்பு குறைந்திருக்கிறதா என்று. பார்க்காதீங்க என்பாள்.

மூன்றாம் ஞாயிறு காலை பத்து மணி இருக்கும். வாசலில் வண்டி கழுவிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் வெயிலில் ஒருவர் நடந்து வருவது தெரிந்தது. கையில் நாளிதழில் சுற்றிய ஒரு பொட்டலம். நடையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அண்ணிதான். அந்தச் சொல் சொன்ன நாளுக்குப் பிறகு அவர் அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் என் காலில் கொட்டிக்கொண்டிருந்தது, மூடத் தோன்றவில்லை.

அண்ணி கேட்டில் நின்று, தம்பி, வசந்திகிட்ட நானே குடுத்துட்டுப் போயிடறேன் என்றார். பொட்டலத்துக்குக் கையை நீட்டினேன், என்னிடம் கொடுங்கள் என்று. கொடுக்கவில்லை. தூங்குகிறாள் என்றேன். அப்போது பார்த்து உள்ளே கரண்டி சட்டியில் மோதும் சத்தம் கேட்டது. அண்ணி என்னைத் தாண்டி உள்ளே போனார். நான் ஈரக்காலோடு பின்னால் ஓடினேன்.

வசந்தி அடுப்பில் புளிக்குழம்பு கிண்டிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அண்ணியின் பார்வை நேராக அவள் வயிற்றுக்குப் போனது. அப்போதுதான் அவருக்குத் தெரியும். பொட்டலத்தை மேசையில் வைத்துப் பிரித்தார். மூன்றாவது சட்டி. உள்ளே கறுப்புப் பூச்சு தாறுமாறாகக் கீறி, நடுவில் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

"சில்வர் கரண்டியால சுரண்டிட்டேன். மரக்கரண்டின்னு தம்பி சொல்லல. நீ ஆசையா குடுத்தனுப்பினத நான் இப்படிப் பண்ணிட்டேன்."

வசந்தி சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நானா குடுத்தனுப்பினேன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, என் முகமே சொல்லியிருக்கும். அதற்குள் அண்ணியின் கண் அடுப்புக்குப் போய்விட்டது. கிட்டே போய் அந்தக் காது விரிசலை விரலால் தடவினார். சூடு பட்டிருக்கும், கையை எடுக்கவில்லை.

"என் சட்டிய என்னா பண்ணீங்க தம்பி" என்றார். குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலை.

வசந்தி கேஸை அணைத்தாள். குழம்பு கொதித்து அடங்கியது. இந்த இரண்டு வாரம் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கிய ஒவ்வொரு கவளமும் எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று அவளுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. கோபத்தில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று பயந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். உட்கார் என்றேன். உட்காரவில்லை. அண்ணியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நீங்க சொன்னத நான் மறக்கல."

"மறக்க வேணாம்" என்றார் அண்ணி.

பிறகு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்தபோது தாய் வீட்டிலிருந்து ஒரு அலுமினியச் சட்டி கொண்டுவந்தாராம். முதல் பிள்ளை மூன்றாம் மாதத்தில் போயிருக்கிறது. "தகரத்துல ஆக்கித் தின்னா புள்ள எப்படித் தங்கும்னு உங்க மாமியார்தான் சொன்னாங்க. என் சட்டிய எடுத்துக் கோழிக்குத் தண்ணி வச்சாங்க. இத என் கையில குடுத்தாங்க." அடுப்பிலிருந்ததைக் காட்டினார். "பட்டவளுக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சேதான் சொன்னேன். அன்னைக்கு உன் சட்டியெல்லாம் பாத்ததும் அப்படி ஒரு எரிச்சல். எனக்குப் புடுங்கிட்டாங்க, உனக்கு மட்டும் சுவர் நெறைய தொங்குதேன்னு."

உங்க மாமியார் என்றால் என் அம்மா. எனக்கு அந்த அலுமினியச் சட்டி நினைவிருந்தது. அண்ணி வந்தபோது எனக்குப் பத்து வயது. கோழிக்கூண்டு ஓரத்தில், கொஞ்சம் நசுங்கி, ஆனால் புதுப் பாத்திரத்தின் வெள்ளை மாறாமல் கிடக்கும். தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் அதில் தண்ணீர் நிரப்புவது என் வேலை. நல்ல சட்டியை ஏன் கோழிக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அந்தச் சமையலறையில் நின்றுகொண்டு, என் அம்மாவின் மேல் எனக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது. யாரிடம் காட்டுவது?

அண்ணி இரண்டடி எடுத்து வைத்து வசந்தியின் எதிரில் வந்தார். நான் நடுவில் போவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். அவர் கையை நீட்டி, கட்டைவிரலால் வசந்தியின் கீழிமையை மெல்ல இழுத்துப் பார்த்தார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸர் அப்படித்தான் பார்ப்பார். வசந்தி முகத்தைத் திருப்பவில்லை.

"வெளுப்பா இருக்கே. எப்ப பாக்கணும்னாங்க?"

"செவ்வாக்கிழம" என்றாள் வசந்தி.

சட்டியை எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவள் சொன்னாள், அழுத்தமாகத்தான். அண்ணி தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. "இங்கயே இருக்கட்டும். கழுவினதும் அடுப்புல காயவச்சு எண்ணெ தடவு. புள்ள பொறக்கட்டும், நானே வந்து எடுத்துக்கறேன்." தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். பஸ் நிற்குமிடம்வரை வண்டியில் விடுகிறேன் என்றேன், நடந்தே போகிறேன் என்றுவிட்டார். வசந்தி வரச்சொல்லவும் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

அடுத்த இரண்டு நாள் அவள் என்னிடம் பேசவில்லை. நியாயம்தான். ஆனால் அந்தக் குழம்பைக் கொட்டவில்லை. மறுநாளும் அதே சட்டியில்தான் சமைத்தாள். கழுவி, காயவைத்து, எண்ணெய் தொட்ட துணியால் துடைத்துக் கவிழ்த்தாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் எங்கள் எண்ணைக் கூப்பிட இரண்டு மணி நேரம் ஆனது. எதிரே சுவரில் தாய்ப்பால் படம் ஒன்று ஒட்டியிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அன்றுதான் அவள் மறுபடி என் சட்டைக் கையைப் பிடித்தாள். மிஸ்ஸி குத்தினார், பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார். ஒன்பதரை. இப்படியே போகட்டும், இப்போதைக்கு எங்கும் படுக்க வேண்டாம் என்றார். எலுமிச்சைத் தண்ணீரா, கீரையா, தோலுரித்த இரும்பா, எது ஏற்றியது என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு நான் கிரைண்டர் கதையைச் சொன்னபோது மிஸ்ஸி சிரித்து, மாத்திரைக்கும் கொஞ்சம் மரியாதை கொடு என்றார். அன்று வசந்தி வெளியே வந்து வண்டியில் ஏறுமுன் அங்கேயே நின்று அழுதாள். நானும் அழுதேன், ஹெல்மெட் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியாது.

மகள் பிறந்தாள். அழகாக, நல்ல எடையோடு, நாள் தவறாமல். பெரிய ஆஸ்பத்திரியில்தான். ஆனால் இந்த முறை பக்கத்தில் பிள்ளையோடு படுத்திருந்தாள். முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைத்தோம். யாரையெல்லாம் கூப்பிடுவது என்று பட்டியல் எழுதியது நான். வசந்தியின் சொந்தம், என் வேலையிடத்து நண்பர்கள், மிஸ்ஸிகூட. அண்ணன் பெயரை எழுதினேன். அதன் பக்கத்தில் அண்ணி பெயரை எழுதப் போய்ப் பேனா நின்றது. அண்ணனுக்கு மட்டும் அவர் வேலையிடத்துக்குத் தகவல் சொல்லி அனுப்பினேன், அவர் தனியாக வந்து ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போனார். சட்டி எப்போது வேண்டுமாம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. வசந்தி சொல்லட்டும் என்று நான் இருந்தேன். நான் சொல்வேன் என்று அவள் இருந்தாளோ என்னவோ.

ஒரு வருடத்தில் சட்டி மறுபடி கறுத்துவிட்டது. முட்டை வழுக்கிக்கொண்டு வந்தது. அண்ணியை அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் பார்ப்போம். அவர் என் மகளை முதன்முதலில் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது, ஒரு மண்டபத்தில், பந்தி நடந்துகொண்டிருந்தபோது. தலையைத் தடவினார், கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார், நல்லா இருக்கியாம்மா என்று வசந்தியைக் கேட்டார். நல்லா இருக்கேன் என்றாள். சட்டியைப் பற்றி அவரும் கேட்கவில்லை. பிள்ளையைப் பார்க்கக் கூப்பிடாத வீட்டில் சட்டியை எப்படிக் கேட்பார்?

அந்தத் தோட்டம் இப்போது இல்லை. லயத்தை இடித்து, முருங்கையையும் வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டு, அதையும் பிடுங்கிவிட்டுக் கிடங்கு கட்டியிருக்கிறார்கள். அண்ணன் லூனாஸில் மகன் வீட்டில் நான்காவது மாடியில் இருக்கிறார். போன வருடம் ஒரு மத்தியானம் அண்ணி அங்கேதான் கண்ணை மூடினார். நாங்கள் போனபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வசந்தி அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, யாரும் எதிர்பாராத அளவுக்கு அழுதாள். சுற்றியிருந்தவர்கள் இரண்டு பேருக்கும் அவ்வளவு ஒட்டுதலா என்று பேசிக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது காரை நான் ஓட்டினேன். சுங்கைப் பட்டாணி நெருங்கியதும் வசந்தி சொன்னாள்.

"வந்து எடுத்துக்கறேன்னு சொன்னாங்கல்ல. வாங்கன்னு ஒரு வாட்டி கூப்பிட்டிருக்கலாம் நான்."

நானும் கூப்பிட்டிருக்கலாம். அவள் என்னைச் சொல்லவில்லை, ஆனால் என் அண்ணி அவர், என் அம்மாவின் வார்த்தை அது, சட்டியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்தவனும் நான்தான். இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்கப் பயந்து இருபத்தைந்து வருடம் ஒதுங்கியே நின்றுவிட்டேன். குருணிலிருந்து எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான்.